கோடி எந்தப் பக்கம்

கார்த்திகை 14, வெள்ளி

கோடிக் கால்வாயை அடைத்தவன் ஏகாம்பரம். என் உடன்பிறந்த தம்பி. ஒன்பது வருடம் ஆகிறது. ஏரி நிறைந்தால் மிச்சத் தண்ணீர் கோடியில் வழிந்து, இந்தக் கால்வாய் வழியாகத்தான் அடுத்த ஏரிக்குப் போக வேண்டும். பன்னிரண்டடி அகலம். அதன் குறுக்கே, எங்கள் தெரு முடிகிற இடத்தில், தன் குடோனுக்கு மதில் எழுப்பி, தண்ணீர் போக இரண்டடி சிமெண்ட் பைப் ஒன்றைப் புதைத்தான். எல்லைக் கல்லையும் பிடுங்கி மறைத்தான். பதினோரு மனு கொடுத்திருக்கிறேன். எந்த நோட்டானாலும் முதல் பக்கத்தில் இதை எழுதிவிட்டுத்தான் மற்றது. இது புது நோட்டு.

காலையிலிருந்து மழை. கிழக்குக் காற்று. புயலுக்கு ஒரு பேர் வைத்திருக்கிறார்கள், வாயில் நுழையவில்லை.

செய்தது: மாடியில் காய்ந்த மிளகாயை உள்ளே எடுத்தது. தொட்டி நிரப்பியது. மோட்டார் ஸ்விட்சுக்கு பாலிதீன் கட்டியது. வாடகைக்கு விட்டிருக்கும் லைன் வீடு பத்து அறைக்கும் போய், பைக்கை எல்லாம் மெயின் ரோட்டு மேட்டில் நிறுத்தச் சொன்னது. ஐந்தாம் அறைக்காரன் மட்டும் கேட்கவில்லை. மழையிலேயே வண்டி குளிக்கட்டும் என்கிறான்.

ஏரிக்குப் போய்ப் பார்த்தேன். கோடிக்கு இன்னும் ஒரு முழம்.

கி.நி.அ.வுக்கு (கிராம நிர்வாக அலுவலர்) போன். பார்க்கிறேன் அம்மா என்றார். எதைப் பார்ப்பார் என்று கேட்டேன். லைன் கட்.

பின்பக்கத் துவைகல் மேல் உட்கார்ந்துதான் மனு எழுதுவது வழக்கம். என் வீட்டுக்காரர் வைத்த கல். கடைசி இரண்டு அறையைக் கட்டிய வருடம் தன் கையால் முட்டுக் கொடுத்து வைத்தார், இன்றுவரை ஆடவில்லை. அவர் போய்ப் பத்து வருடம். இருந்திருந்தால் ஏகாம்பரத்தை மதில் எழுப்ப விட்டிருக்க மாட்டார்.

இன்று மழையில் அங்கே உட்கார முடியவில்லை. கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். கை ஓடவில்லை.

கார்த்திகை 15, சனி

மழை விடவில்லை. வாசலில் படி ஐந்து. தெருத் தண்ணீர் காலையில் முதல் படி. மதியம் இரண்டாவது. இனி படிக் கணக்குத்தான்.

இத்தனைக்கும் கோடி இன்னும் போகவில்லை. இது வெறும் மழைத் தண்ணீர். அந்த இரண்டடி பைப்பில் இதுவே இறங்க மாட்டேன் என்கிறது. கோடியும் போனால்?

அதிகாலையில் கம்பெனி பஸ் வந்து ஆளை ஏற்றிப் போனது. போன பிறகு லீவு என்று மெசேஜ். போனவர்கள் பாதி வழியில் இறங்கி நடந்து வந்தார்கள். முத்துச்செல்வி நைட் ஷிப்ட் முடித்து வந்தவள். ஒன்பதாம் அறை, திருநெல்வேலிப் பக்கம். ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு, இடுப்புவரை சேறு.

“வல்லக்கோட்டை திருப்பத்துலயே பஸ்ஸ நிப்பாட்டிட்டான்மா. நடந்துதான் வாரேன். ரோடு எது பள்ளம் எதுன்னு தெரியல.”

காபி கொடுத்தேன். குடியிருப்பவர்களுக்கு நான் காபி போடுவதில்லை. இன்று போட்டேன்.

பதினொன்றுக்குக் கரண்ட் போனது. போனில் சார்ஜ் பாதிதான்.

மாடிப்படியில் பையன்கள் பேச்சு: பக்கத்து ஊர் ஏரி உடைந்துவிட்டதாம், போனில் படம் வந்ததாம். வாங்கிப் பார்த்தேன். படத்தில் தென்னந்தோப்பு. அந்த ஊரில் ஏது தென்னந்தோப்பு. இன்னொரு தடவை இப்படி எதையாவது பரப்பினால் அறையைக் காலி செய்ய வேண்டியதுதான் என்று சொல்லி வைத்தேன். எல்லாரும் தலையாட்டினார்கள். நான் திரும்பியதும் ஒருவன், “பெரிம்மா ஏரியவே காலி பண்ணச் சொல்லும் போல கீது” என்றான். காதில் விழுந்தது. விழாத மாதிரி வந்துவிட்டேன்.

கி.நி.அ. போன்: சுவிட்ச் ஆப்.

தாசில்தார் ஆபீஸ்: மணி அடிக்கிறது. அடித்துக்கொண்டே இருக்கிறது.

மூன்றாம் படியின் ஓரம் நனைந்துவிட்டது.

கார்த்திகை 16, ஞாயிறு

வரிசையாக எழுதிவிட வேண்டும்.

காலை ஆறரை. மேட்டுத் தெருவிலிருந்து சத்தம்: கோடி போவுது, கோடி போவுது. சின்ன வயதில் இந்தச் சத்தம் கேட்டால் ஓடுவோம். பூசணிக்காய் உடைத்து, கற்பூரம் ஏற்றி, தண்ணீரைக் கும்பிடுவோம். ஒரு வருடச் சோறு வழிகிறது என்று அர்த்தம். இன்று கேட்டதும் வாசல் படியைப் பார்க்க ஓடினேன்.

முதலில் செய்தது: பக்கத்து வீட்டு தாஸ் ஜேசிபி ஓட்டுகிறவன், வண்டி மேட்டில் நிற்கிறது. போய் மதிலை இடி என்றேன். யோசித்தான். கேஸ் வந்தால் என் பேரைச் சொல், எழுதித் தருகிறேன் என்றேன். சரி பெரிம்மா என்று போனான். பேட்டரி நனைந்து வண்டி கிளம்பவில்லை. திட்டினேன். அவனையும் அவன் வண்டியையும்.

அடுத்து, ஐந்தாம் அறைக்காரனும் இன்னும் மூன்று பேரும் கோடி வழிவதைப் படம் எடுக்க ஏரிக்குப் போய்விட்டதாகத் தெரிந்தது. மாடியிலிருந்து முத்துச்செல்வியிடம் கத்தினேன்: “கோடியில யாரும் நிக்கக் கூடாது. இருக்கறவங்கள கூட்டிக்கினு வா.” மழைச் சத்தத்தில் கை காட்டினாள். கிளம்பிவிட்டாள்.

ஏழரைக்கு அந்த நான்கு பேரும் தாங்களாகவே திரும்பினார்கள். முத்துச்செல்வியைப் பார்க்கவில்லையாம். அங்கே வரவே இல்லையாம்.

எட்டு. எட்டரை. போன் எடுக்கவில்லை. தாஸ் கோடி வரைக்கும் கயிறு கட்டிக்கொண்டு போய் வந்தான். இல்லை. தண்ணீர் நான்காம் படி. அவளை அனுப்பியது நான். அவள் அப்பாவுக்கு என்ன சொல்வது. அவள் அறையில் சேர வந்த அன்று என்னிடம் வந்து, பிள்ளையைப் பார்த்துக்குங்க அம்மா என்று கும்பிட்டுவிட்டுப் போன மனிதர். நான் வாடகை ரசீது கொடுத்தேனே தவிர பதில் சொல்லவில்லை.

பத்து மணிக்கு மேல் தெருவின் கீழ்ப்புறத்திலிருந்து வந்தாள். கோடிக்கு நேர் எதிர்த் திசை. கழுத்தளவு தண்ணீரில். தனியாக இல்லை. பின்னால் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு எட்டு ஆண்கள்.

ஏகாம்பரம் குடோனில் லோடு ஏற்றுகிறவர்கள். ஒடிசாக்காரர்கள். மதிலுக்கு அந்தப் பக்கம், சுவரை ஒட்டித் தகர ஷெட்டில் தங்கியிருந்தார்கள். வாட்ச்மேன் வெள்ளிக்கிழமையே கேட்டைப் பூட்டிச் சாவியோடு ஊருக்குப் போய்விட்டான். இரண்டு நாளாகத் தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்களாம். மழையில் யாருக்குக் கேட்கும். இவளுக்குக் கேட்டிருக்கிறது. மரப்பலகைகளை அடுக்கி ஏறி மதில் தாண்டச் சொல்லி, இந்தப் பக்கம் நின்று ஒவ்வொருவராகக் கைகொடுத்து இறக்கியிருக்கிறாள்.

அங்கே ஏன் போனாய் என்று கேட்டேன்.

“நீங்கதானம்மா கோடியில இருக்கவங்கள கூட்டிட்டு வரச் சொன்னிய. தெருக்கோடிக்குத்தான் போனேன். வேற எங்க போக?”

“நான் சொன்னது ஏரிக் கோடிடி.”

“அது மறுகாலுல்லா? எங்க ஊர்ல குளம் மறுகால் பாயுதும்போம். கோடின்னா தெருக்கோடி.”

நான் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். காலையில் அந்த ஜேசிபி கிளம்பியிருந்தால், இந்தப் பக்கம் தேங்கிய மொத்தத் தண்ணீரும் மதிலோடு அந்தத் தகர ஷெட் மேல் விழுந்திருக்கும். எட்டு பேர். நான் சொல்லித்தான். எழுதித் தருகிறேன் என்று வேறு சொன்னேன்.

தாஸ் என் முகத்தைப் பார்த்தான். அவனுக்கும் அதே நினைப்பு.

மாடியில் இப்போது முப்பத்தொரு பேர். தார்ப்பாய் இரண்டு. என் சிலிண்டர் மேலே ஏறிவிட்டது. யாரோ ஈர சாக்ஸை என் அரிசி டின் மேல் காயப் போட்டிருக்கிறார்கள்.

எட்டு பேரில் பிரதாப் என்பவனுக்குக் கொஞ்சம் தமிழ் வருகிறது. சாயங்காலம் எதிரில் வந்து உட்கார்ந்தான்.

“அம்மா, நான் உங்களைத் தெரியும். ரூம் கேட்டு வந்தேன், போன வருஷம். நீங்க போர்டு காட்டினீங்க.”

கேட்டில் இருக்கும் போர்டு. வெளி மாநிலத்தவருக்கு அறை இல்லை. கடுகெண்ணெய் வாசனை ஆகாது என்று நான்தான் எழுதி மாட்டியது. குறையாகச் சொல்லவில்லை அவன். ஞாபகப்படுத்தினான், அவ்வளவுதான். இங்கே அறை இல்லாததால்தான் அந்த ஷெட்டா என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியதில்லை.

கார்த்திகை 17, திங்கள்

மழை கொஞ்சம் தணிவு. தண்ணீர் தணியவில்லை. ஐந்தாம் படி. கூடத்துக்குள் வர ஒரு சாண். லைன் வீடு பத்திலும் கட்டில் வரைக்கும். மேலே ஏரி வழிந்துகொண்டே இருக்கிறது, கீழே மதில். நடுவில் நாங்கள்.

ராத்திரி தாங்காது. பகலிலேயே மதிலைத் திறக்க வேண்டும். ஜேசிபி இனி இந்த ஆழத்தில் வராது. கைதான்.

இருப்பது: கடப்பாறை இரண்டு (ஒன்று என்னுடையது). சம்மட்டி ஒன்று. கிணற்றுக் கயிறு. ஆறாம் அறை வெல்டர்கள் இரண்டு பேர். பிரதாப் ஆட்கள் எட்டு பேர். மூட்டை தூக்கிய கைகள்.

தாஸுக்கு ஏகாம்பரத்திடமிருந்து போன் வந்தது. சுவரைத் தொட்டால் போலீஸாம். அரை மணியில் அவனே டிராக்டர் டயர் டியூபில் மிதந்து வந்தான். ஒன்பது வருடம் கழித்து என் மாடிப்படியில். முடியெல்லாம் நரைத்துவிட்டது. அம்மா சாயல் இப்போதுதான் தெரிகிறது. அதற்காக நான் எழுந்திருக்கவில்லை.

“மனு போட்டு ஓஞ்சி, இப்ப கடப்பாற தூக்கிகினியா?”

“ஷெட்டுல எட்டு பேர வச்சி பூட்டிட்டுப் போயிட்டான் உன் வாட்ச்மேன். தெரியுமா உனக்கு?”

“எல்லாரையும் அனுப்பிட்டேன்னு சொன்னானே.”

மாடியைக் காட்டினேன். ஏறிப் பார்த்தான். எட்டு பேரும் வாழையிலைக் கிழிசலில் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். விரலை நீட்டி எண்ணினான். இரண்டாம் முறையும் எண்ணினான். பிரதாப் எழுந்து, சேட் நல்லா இருக்கீங்களா என்று கேட்டான். ஏகாம்பரம் என்னைப் பார்க்காமல் தாஸிடம் சொன்னான்:

“நடுவுல அடிக்காதீங்க. அங்க பில்லர் கீது, கம்பி கீது. பைப்புக்கு நேர் மேல அடிங்க. அந்த எடத்துல கம்பி போடல.”

“ஏன் மாமா போடல?”

தாஸ் கேட்டான். வெல்டர் பையன் ஒருவன் சிரித்துவிட்டான். எனக்கும் வந்தது. அடக்கினேன்.

மதில் மேல் பிரதாப்பும் வெல்டரும். இடுப்பில் கயிறு. கயிறு பனைமரத்தில் ஒரு சுற்று, அதற்குப் பின்னால் தண்ணீரில் நின்று பிடித்துக்கொண்டு எல்லாரும். தாஸ், முத்துச்செல்வி, ஐந்தாம் அறைக்காரன் (பைக் மூழ்கிவிட்டது, இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை), ஏகாம்பரம். என்னை வேண்டாம் என்றார்கள். நானும் பிடித்தேன். எனக்கு முன்னால் ஏகாம்பரம் முதுகு. சட்டை கிழிந்திருந்தது.

மேல் வரிசையிலிருந்து ஒவ்வொரு கல்லாகத் தட்டித் தள்ளினார்கள். ஒடியாவில் ஒருவன் எண்ணிக்கை சொல்ல, மற்றவர்கள் கயிற்றை இழுத்துப் பிடித்தார்கள். ஐந்தாம் எண்ணிக்கைக்குள் எல்லாருக்கும் அந்த ஒடியா எண்கள் வாயில் வந்துவிட்டன. மூன்று மணிக்கு மேல் பைப் உடைந்தது. முதலில் சத்தம். பிறகு மதிலில் ஒரு ஆள் உயரத்துக்கு வாய். தண்ணீர் பழுப்பாகத் திரும்பி ஓடியது. மதில் மேல் இருந்த இருவரையும் கயிற்றோடு இழுத்துப் போட்டோம். தகர ஷெட் அட்டைப்பெட்டி மாதிரி மடங்கிப் போனது. அதில்தான் எட்டு பேர் படுத்திருந்தார்கள்.

“பெரிம்மா, போவுது பாரு.” தாஸ்.

இருட்டுவதற்குள் மூன்றாம் படி தெரிந்தது. கற்பூரம் ஏற்றவில்லை. டப்பா நனைந்துவிட்டது.

ஏகாம்பரம் சொல்லாமல் போய்விட்டான்.

கார்த்திகை 18, செவ்வாய்

தூறல்தான். முதல் படி வரைக்கும் வடிந்தது.

பிரதாப் சமையல். உருளைக்கிழங்கு, அரிசி, கடுகெண்ணெய். எங்கிருந்து எடுத்து வந்தானோ. வாசனை மூக்கில் ஏறியது. இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன். முத்துச்செல்வி பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் திட்டியிருப்பேன்.

பின்பக்கம் போய்ப் பார்த்தேன். தண்ணீர் பழைய பாதையிலேயே பாய்ந்திருக்கிறது. ஒன்பதாம் அறை, பத்தாம் அறை, இரண்டுக்கும் அடியில் மண் போய் அஸ்திவாரம் அந்தரத்தில். துவைகல் கவிழ்ந்து கிடக்கிறது.

திரும்பி வந்தால் மாடிப்படி அருகில் பிரதாப் ஆட்கள் ஒரு கல்லைக் கழுவி, மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து நிறுத்தியிருக்கிறார்கள். இரண்டடி உயரம், நாலு பட்டை. துவைகல்லுக்கு அடியில் இருந்ததாம். சாமி கல் என்று நினைத்துவிட்டார்கள்.

முத்துச்செல்வி குனிந்து பார்த்தாள். “என்னம்மா இது, தலையில அம்பு போட்டிருக்கு?”

அம்புக்குறி. சர்வே கல். கால்வாயின் எல்லைக் கல். ஏகாம்பரம் பிடுங்கி மறைத்தான் என்று பதினோரு மனுவில் எழுதிய கல். அவர் துவைகல்லுக்கு முட்டுக் கொடுத்த கல். அதன் மேல் உட்கார்ந்துதான் பதினோரு மனுவையும் எழுதினேன்.

பழைய கல்லு, எனக்கென்ன தெரியும் என்றேன் அவளிடம்.

மதியம் தாஸிடம் டேப் வாங்கினேன். தாலுகா ஆபீஸில் எழுதிப் போட்டு வாங்கிய புல வரைபடம் என்னிடம் இருக்கிறது. மாடியில் இருந்ததால் நனையவில்லை. இந்தப் பக்கத்திலிருந்து அளந்தேன். ஒன்பதும் பத்தும் கால்வாய்க்குள் ஏழடி நிற்கின்றன. ஒன்பது வருடம் டேப்பை ஏகாம்பரம் பக்கம் மட்டும்தான் பிடித்திருக்கிறேன்.

அவர் தெரிந்து செய்தாரா, கிடந்த கல் என்று எடுத்தாரா. கேட்க ஆள் இல்லை.

கி.நி.அ. தானே போன் செய்தார். வியாழக்கிழமை சர்வேயரோடு வருகிறாராம், சேதம் அளக்க. இத்தனை வருடம் வராதவர்கள்.

சாயங்காலம் ஏகாம்பரம் வந்தான். பிரதாப் ஆட்களுக்குப் போர்வை ஒரு கட்டு. எனக்கு ஒன்றும் இல்லை. அந்தக் கல்லின் மேலேயே ஒரு கையை ஊன்றி நின்று, அவர்களை இனி எங்கே தங்க வைப்பது என்று தாஸிடம் பேசிக்கொண்டிருந்தான். கையில் குங்குமம் ஒட்டியது. வேட்டியில் துடைத்தான். குனிந்து பார்க்கவில்லை.

கல்லைத் தூக்கிக் கால்வாயில் போட்டால் முடிந்தது. நீர் இன்னும் வேகமாகத்தான் போகிறது. தூக்க இரண்டு ஆள் வேண்டும். யாரைக் கூப்பிடுவது. கூப்பிட்டால் வருவார்கள். அதுதான் சங்கடம்.

கார்த்திகை 19, புதன்

வெயில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. மறுபடி கிழக்கே கருக்கல். இன்னொரு புயல் சின்னம் என்கிறார்கள். அதற்குள் முடிய வேண்டியவை. காலையிலேயே எழுதிவிட்டேன், மனம் மாறுவதற்குள்.

மதிலின் மிச்சம், பன்னிரண்டடியும் எடுப்பது: ஏகாம்பரம். வாய்ச்சொல் போதாது, எழுதித் தர வேண்டும். அவன் செய்தது செய்ததுதான். கல் என்னிடம் இருந்தால் மதில் நியாயம் ஆகிவிடாது.

ஆள் இருக்கும் இடத்தில் வெளியே பூட்டு கூடாது. சாவி ஒன்று உள்ளே இருப்பவரிடம்: ஏகாம்பரம், வாட்ச்மேன் இருவரும்.

கால்வாய் முள்செடி வெட்டுவது, கீழே ரோட்டடியில் பெரிய பைப் போடுவது: பொதுப்பணித் துறை. மனு 12. இந்த மனுவில் கடைசியாக ஒரு பத்தி: முந்தைய மனுக்களில் கல்லைப் பற்றி எழுதியது தவறு. மற்றவை சரி.

முத்துச்செல்வி என் வீட்டு மேல் அறைக்கு மாறுவது: அவள். பாதி சாமான் வந்துவிட்டது. அவள் அப்பாவுக்கு போன்: நான். பதில் சொல்லாதது அப்படியே நிற்கிறது.

அறை 9, 10 இடிப்பது: நான். தாஸ் வண்டி. சுவரை முதலில் தட்டுவது நானாக இருக்க வேண்டும்.

அறை 3, 4 காலியாகிறது, இருந்தவர்கள் ஊருக்குப் போகிறார்கள். யாருக்கு என்று பிரதாப்பிடம் சொல்வது: நான். தமிழில் சொன்னால் போதும்.

போர்டு: நான். போல்ட் துருப்பிடித்துவிட்டது, ஐந்தாம் அறைக்காரனிடம் ஸ்பேனர் இருக்கிறது.

குடியிருப்பவர்கள் எல்லாரையும் அழைத்துப் போய், கோடி எது, தெருக்கோடி எது, எதில் என்ன சத்தம் வந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று காட்டுவது: தாஸ். மறுகால் என்றும் சொல்லச் சொல்ல வேண்டும். ஒடியாவில் என்ன என்று பிரதாப் சொல்வான்.

கல்லின் மஞ்சளைத் துடைத்துச் சர்வேயரிடம் ஒப்படைப்பது: நான்.

அதற்கு முன்னால் ஏகாம்பரத்திடம் சொல்வது: நான். இன்றே. அவன் வீடு வரைக்கும் நடந்து போய். மழை வந்தாலும்.